இசைக்குழு உறுப்பினர்கள் சமூக ஊடகங்களில் தனியாகப் போடும் பதிவுகளை எந்த அளவுக்கு நம்பலாம்?

தாளக்கட்டு (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். நான்கு பேர் கொண்ட ஒரு ராக் இசைக்குழுவின் ரசிகன் நான். பெயரைச் சொன்னால் விவாதம் அவர்களுடைய பழைய சண்டைகளுக்குள் போய்விடும் என்பதால் அதைத் தவிர்க்கிறேன். சென்ற சுற்றுப்பயணம் முடிந்ததிலிருந்து குழுவின் பொதுக் கணக்கில் டி-ஷர்ட் விளம்பரங்களைத் தவிர வேறெதுவும் வருவதில்லை. ஆகவே நால்வரின் தனிக் கணக்குகளையும் பின்தொடரத் தொடங்கினேன். பாடகர் நாள்தோறும் சரம் சரமாக ஸ்டோரி போடுகிறார். கித்தார் கலைஞர் தம் எஃபெக்ட் பெடல்களை (கித்தாரின் ஒலியை மாற்றும் கருவிகள்) படம்பிடித்துப் போடுவதோடு சரி, அதன் கீழ் ஒரு சொல்கூட எழுதமாட்டார். பேஸ் வாசிப்பவர் பல மாதங்களாக எதையும் பதியவில்லை. டிரம்மர் போன வாரம் ஒத்திகை அறையின் படம் ஒன்றைப் போட்டுவிட்டுச் சிறிது நேரத்திலேயே நீக்கிவிட்டார். அந்தப் படத்தில் ஸ்னேர் டிரம்மின் மேல் கிடந்த தாளை ரசிகர் பக்கங்கள் பெரிதாக்கி வெளியிட்டு, அது புதிய பாடல்களின் வரிசைதான் என்று சாதிக்கின்றன.

இதற்கிடையே, பாடகர் கித்தார் கலைஞரை அன்ஃபாலோ செய்துவிட்டார் என்று ஒரு ஸ்கிரீன்ஷாட் சுற்றுகிறது. குழு உடைந்துவிட்டது என்றே சிலர் முடிவுகட்டிவிட்டார்கள். ஒரே வாரத்தில் புது ஆல்பமும் வருகிறது, குழுவும் உடைகிறது என்றால் எதைத்தான் நம்புவது? முக்கியமான பதிவுகளைத் தவறவிடாமல், அதே நேரம் நாள் முழுவதும் போனைப் பார்த்துக்கொண்டே இராமல் பின்தொடர என்ன வழி என்பதையும் அனுபவமுள்ளவர்கள் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

மேடையோரம்:

வணக்கம் தாளக்கட்டு அவர்களே. முதலில் அந்த அன்ஃபாலோ விவகாரத்தை எடுத்துக்கொள்வோம், ஏனெனில் இத்தகைய வதந்திகளில் பாதி அங்கிருந்துதான் பிறக்கிறது. இன்ஸ்டாகிராமில் ஒருவருடைய ஃபாலோயிங் பட்டியலிலிருந்து ஒரு பெயர் காணாமல் போவதற்கு மனக்கசப்பு மட்டுமே காரணம் அல்ல. கித்தார் கலைஞர் தம் கணக்கைத் தற்காலிகமாக முடக்கி வைத்திருந்தால், அவர் பெயர் எல்லோருடைய பட்டியலிலிருந்தும் மறைந்துவிடும். கணக்கை மீண்டும் திறந்ததும் தானாகவே திரும்பி வந்துவிடும். பட்டியல் முழுமையாக ஏறுவதற்கு முன்பே எடுத்த ஸ்கிரீன்ஷாட்டில் இருக்கிற பெயரும் இல்லாததுபோலத் தெரியலாம். எனவே அந்தப் படத்தைப் பரப்புவதற்கு முன், கித்தார் கலைஞரின் கணக்கு இப்போது திறக்கிறதா என்று பாருங்கள், பிறகு பாடகரின் பட்டியலில் நீங்களே தேடிப் பாருங்கள். இரண்டும் ஒரு நிமிட வேலைதான். ஆனால் அதைச் செய்கிறவர்கள் அரிது.

யார் யாரை அன்ஃபாலோ செய்தார் என்று காட்டுவதாகச் சொல்லும் வெளிச் செயலிகளை மட்டும் தயவுசெய்து நிறுவாதீர்கள். அவற்றில் பல உங்களுடைய கடவுச்சொல்லையே கேட்கும். பாடகரின் நட்பு முறிந்ததா என்று தெரிந்துகொள்ளப் போய் உங்கள் கணக்கைப் பறிகொடுக்க வேண்டாம்.

தவறவிடாமல் பார்ப்பது பற்றி: இன்ஸ்டாகிராமின் வழக்கமான முகப்பு கால வரிசைப்படி அமைவதில்லை, நீங்கள் அதிகம் தொட்டதையே அது மேலே தள்ளும். நாள்தோறும் பதியும் பாடகர் உங்கள் கண்ணில் பட்டுக்கொண்டே இருப்பதும், எப்போதாவது பதியும் பேஸ் கலைஞர் அடியில் புதைந்து போவதும் அதனால்தான். 2022-இல் ஃபாலோயிங், ஃபேவரிட்ஸ் என்ற இரண்டு காட்சிகளை அந்நிறுவனம் கொண்டுவந்தது. ஃபேவரிட்ஸில் 50 கணக்குகள் வரை சேர்க்கலாம், அங்கே பதிவுகள் புதியது முதலில் என்ற வரிசையில் கிடைக்கும். நால்வரையும் பொதுக் கணக்கையும் அதில் போட்டுவிட்டு, நாளுக்கு ஒருமுறை அந்தக் காட்சியை மட்டும் திறந்தால் போதும். எக்ஸ் (முன்பு ட்விட்டர்) தளத்தில் இதற்கு ஈடானது, தேர்ந்தெடுத்த கணக்குகளின் பதிவுகளை மட்டும் காட்டும் லிஸ்ட் வசதி. லிஸ்டைத் தனிப்பட்டதாக வைத்தால், அதில் யாரைச் சேர்த்திருக்கிறீர்கள் என்பது வேறு யாருக்கும் தெரியாது.

அறிவிப்பு மணியைப் பொறுத்தவரை என் கருத்து சற்று வேறு. அதிகம் பேசுகிறவருக்கு மணியை அணைத்துவிட்டு, பேசாதவருக்குத்தான் போட வேண்டும். பாடகரின் ஸ்டோரி ஒவ்வொன்றுக்கும் போன் ஒலித்தால், பேஸ் கலைஞரின் ஒற்றைப் பதிவு வரும் நாளில் அந்த ஒலியைக் கவனிக்கும் பழக்கமே உங்களுக்குப் போய்விட்டிருக்கும்.

நாலாம் தந்தி:

மேடையோரம் சொன்னதோடு பெரும்பாலும் உடன்படுகிறேன். ஆனால் கேள்வியின் மையம், பதிவுகளை எப்படிப் படிப்பது என்பதாகவே எனக்குத் தோன்றுகிறது. உறுப்பினரின் தனிக் கணக்கு அவருடைய அன்றைய மனநிலையைச் சொல்லும். குழுவின் முடிவுகளோ, பலரும் கூடிப் பேசி, ஒப்பந்தங்களைப் பார்த்து, மேலாளர் கைபட்ட பிறகு பொதுக் கணக்கில்தான் வரும். ஒன் டைரக்ஷன் என்ற பிரிட்டிஷ் பாப் குழுவிலிருந்து ஸெய்ன் மாலிக் விலகிய செய்தி 2015 மார்ச் 25 அன்று குழுவின் ஃபேஸ்புக் பக்கத்தில் அறிக்கையாகத்தான் வெளிவந்தது. அவருடைய தனிப் பதிவு ஒன்றிலிருந்து ரசிகர்கள் ஊகித்தெடுத்த செய்தி அல்ல அது.

பிரிட்டனின் ஒயாஸிஸ் ராக் குழுவை எடுத்துக்கொள்ளுங்கள். 2009 ஆகஸ்டில் நோயல் கேலகர் விலகிய பிறகு, தம்பி லியாம் ஆண்டுக்கணக்கில் ட்விட்டரில் அண்ணனைச் சீண்டியும், சில நேரம் மறுபடி சேரலாம் என்று ஆசைகாட்டியும் எழுதிக்கொண்டே இருந்தார். அந்தப் பதிவுகளை நம்பிக் காத்திருந்தவர்கள் பலமுறை ஏமாந்தார்கள். 2024 ஆகஸ்ட் 25 அன்று நிலைமை வேறாக இருந்தது: சகோதரர்கள் இருவரின் கணக்குகளிலும் குழுவின் கணக்கிலும் 27.08.24 என்ற ஒரே தேதி ஒரே வடிவத்தில் வெளியானது. சொன்ன நாளிலேயே 2025-ஆம் ஆண்டுக்கான கச்சேரிகளை அறிவித்தார்கள். லியாமின் கணக்கு அத்தனை ஆண்டுகளும் சத்தமாகத்தான் இருந்தது. அவ்வளவாகச் சத்தம் போடாத நோயலின் பக்கமும் அதே நேரத்தில் அசைந்ததுதான் உண்மையான அடையாளம். உங்கள் குழுவிலும் பாடகரின் இருபது ஸ்டோரிகளைவிட, வாய் திறக்காத பேஸ் கலைஞரும் மற்ற மூவரும் ஒரே நாளில் ஒரே படத்தைப் போடுகிறார்களா என்று பாருங்கள்.

நீக்கப்பட்ட பதிவு பற்றியும் ஒரு வார்த்தை. ரேடியோஹெட் என்ற பிரிட்டிஷ் ராக் குழு 2016 மே 1 அன்று தன் இணையதளத்தையும் சமூக ஊடகப் பதிவுகளையும் துடைத்து வெறுமையாக்கியது. அடுத்த சில நாள்களிலேயே புதிய பாடலும், மே 8 அன்று ஆல்பமும் வந்தன. தென்கொரிய பாப் குழுவான பிடிஎஸ்ஸின் ஜங்குக் 2023 பிப்ரவரியில் தம் இன்ஸ்டாகிராம் கணக்கையே நீக்கியபோது ரசிகர்கள் பதறினார்கள். கணக்கைப் பயன்படுத்துவதில்லை, அதனால் நீக்கிவிட்டேன், யாரும் ஊடுருவவில்லை என்று வீவர்ஸ் என்ற ரசிகர் தளத்தில் அவரே விளக்கினார். ஒன்று திட்டமிட்ட விளம்பரம், மற்றொன்று வீட்டைச் சுத்தம் செய்வதுபோன்ற சாதாரண வேலை. வெளியிலிருந்து பார்க்கிறவருக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். டிரம்மர் நீக்கிய படத்துக்கும் இதே கதிதான். அந்தத் தாளில் இருப்பது பாடல் வரிசையாகவும் இருக்கலாம், ஒலிப்பொறியாளருக்கு எழுதிய குறிப்பாகவும் இருக்கலாம்.

இரவு எஃப்எம்:

எனக்கு ஒரு மாற்றுக் கருத்து உண்டு. பொதுக் கணக்கில் வருவதை மட்டும் நம்பு என்றால், பிறகு தனிக் கணக்குகளைப் பின்தொடர்வதில் என்ன இருக்கிறது? கித்தார் கலைஞர் போடும் பெடல் படங்களையே பாருங்கள். பெடல்கள் எந்த வரிசையில் கோக்கப்பட்டிருக்கின்றன, சென்ற சுற்றுப்பயணத்தில் இருந்த டிலே பெடல் (ஒலியை எதிரொலிபோலத் திருப்பித் தருவது) இப்போது ஏன் இல்லை என்பதையெல்லாம் கவனிக்கிற ரசிகனுக்கு, குழு உடையுமா உடையாதா என்ற கேள்வியைவிட அவை அதிகம் சொல்லும். அவர் எதுவும் எழுதாமல் போடுவதே அந்தப் பேச்சு வேண்டாம் என்பதால்தானோ என்று எனக்குத் தோன்றுகிறது.

தாளக்கட்டு:

மூவருக்கும் நன்றி. மேடையோரம் சொன்னபடி பார்த்தேன். கித்தார் கலைஞரின் பெயர் பாடகரின் பட்டியலில் இருக்கிறது, அந்த ஸ்கிரீன்ஷாட் எப்படி வந்ததோ தெரியவில்லை. இன்னொரு ஐயம். டிரம்மரின் பெயரில், நீல டிக்கோடு ஒரு கணக்கு எனக்குத் தனிச்செய்தி அனுப்பியது. பழைய ரசிகர்களுக்குச் சிறப்பு அட்டை தருவதாகவும், அதற்குச் சிறு கட்டணம் உண்டு என்றும் எழுதியிருந்தது. பதில் எழுதாமல் வைத்திருக்கிறேன்.

மேடையோரம்:

எழுதாததே நல்லது, அது போலிக் கணக்கு. நீல டிக் இருந்தால் உண்மையான ஆள் என்ற காலம் முடிந்துவிட்டது. 2023 ஏப்ரலில் எக்ஸ் (அப்போது ட்விட்டர்), முன்பு கட்டணமின்றிச் சரிபார்த்துக் கொடுத்திருந்த நீல டிக்குகளை நீக்கத் தொடங்கியது. இப்போது அந்த டிக் பெரும்பாலும் மாதக் கட்டணம் செலுத்துவதற்குக் கிடைப்பது. இன்ஸ்டாகிராமின் தாய் நிறுவனமான மெட்டாவும் அதே ஆண்டு கட்டண முறையைக் கொண்டுவந்தது, அங்கே அடையாளச் சான்று கேட்கிறார்கள் என்றாலும் டிக்கை மட்டும் வைத்து முடிவுசெய்ய வேண்டாம். குழுவின் சொந்த இணையதளத்திலிருந்து பொதுக் கணக்குக்குப் போங்கள், அந்தப் பொதுக் கணக்கு டிரம்மரின் எந்தக் கணக்கை டேக் செய்திருக்கிறது என்று பாருங்கள், உங்களுக்கு எழுதிய கணக்கின் பெயரை எழுத்தெழுத்தாக அதனோடு ஒப்பிடுங்கள். ஆங்கிலச் சிறிய எல் எழுத்துக்குப் பதில் பெரிய ஐ எழுத்து, நடுவே கூடுதலாக ஓர் அடிக்கோடு, இப்படித்தான் ஏமாற்றுவார்கள். ரசிகர் அட்டைக்கு, சந்திப்புக்கு, நன்கொடைக்கு என்று எந்தப் பெயரில் பணம் கேட்டாலும், எந்த உறுப்பினரும் தனிச்செய்தியில் அப்படிக் கேட்பதில்லை.

அந்தக் கணக்கை பிளாக் செய்வதற்கு முன் ரிப்போர்ட் செய்துவிடுங்கள், காரணமாக ஆள்மாறாட்டம் என்பதைத் தேர்ந்தெடுத்து, டிரம்மரின் உண்மையான கணக்கையும் அங்கே குறிப்பிடுங்கள். அந்தச் செய்தியின் ஸ்கிரீன்ஷாட்டை உங்கள் ரசிகர் குழுவிலும் போட்டுவையுங்கள், ஏனெனில் உங்களுக்கு வந்தது மற்றவர்களுக்கும் வந்திருக்கும்.