விழுதிறக்கமா, விழுதிறக்கலா? குன்னூரிலிருந்து ஒரு மறுமொழி

அன்புள்ள ஐயா அவர்களுக்கும் குழுவின் மற்ற நண்பர்களுக்கும் வணக்கம்.

வீட்டுக்குள் பொன்சாய், அதாவது தட்டில் சிறு மரம், வளர்ப்பதற்காக நம் குழு தொகுக்கும் தமிழ்ச் சொற்பட்டியலில், கிளையிலிருந்து இறங்கும் வேருக்கு "காற்றுவேர்" என்ற சொல்லையே வைத்துக்கொள்ளலாம் என்று கொடைக்கானலிலிருந்து தாங்கள் எழுதியதை இருமுறை படித்தேன். பல்லாண்டுகள் தாவரவியல் கற்பித்த தங்களை மறுத்து எழுதத் தயக்கம்தான். ஆனாலும், கிழக்குச் சன்னலோரம் ஆறு ஆண்டுகளாக, ஆலின் இனத்து மரமான ஒரு கல்லிச்சியைத் தட்டில் வளர்த்து, அது விட்ட வேர்களை ஒவ்வொன்றாக மண்ணுக்குக் கொண்டுவரப் பாடுபட்ட எனக்கு, அந்தச் சொல் ஒருமுறைகூடக் கைகொடுக்கவில்லை என்பதால் எழுதுகிறேன்.

காற்றுவேர் தவறான சொல் அன்று. அது மிக அகன்ற சொல். நீலகிரிச் சோலைகளில் மரக்கிளையைப் பற்றி வாழும் ஆர்க்கிட் செடியின் வேரும் காற்றுவேர். கூடலூர்ப் பக்கம் சில்வர் ஓக் மரத்தில் ஏறும் மிளகுக் கொடியின் வேரும் காற்றுவேர். கூடத்தில் தொங்கும் மணி பிளாண்டின் கணுவேரும் அதுவே. ஆர்க்கிட்டின் வேர் தன் பஞ்சுபோன்ற மேலுறையால் மழையையும் பனியையும் உறிஞ்சிக்கொண்டு மண்ணை நாடாமலேயே வாழ்ந்துவிடும். மிளகின் வேருக்குப் பற்றிக்கொள்வதே வேலை. ஆலும் இச்சியும் விடும் வேரோ, கிளையிலிருந்து புறப்படும்போதே நிலத்தை நோக்கிப் புறப்படுகிறது. நிலத்தைத் தொட்டபின் அது வேறொன்றாகவே மாறிவிடுகிறது. பொன்சாய் வளர்ப்பவர் காத்திருப்பது அந்த மாற்றத்துக்காகத்தான். ஆகவே காற்றுவேரை வகைப்பாட்டுக்குரிய பொதுப்பெயராக வைத்துக்கொண்டு, இந்தக் கலைக்கு "விழுது" என்பதையே தலைச்சொல்லாகக் கொள்ள வேண்டும் என்பது என் கருத்து.

விழுது என்றால் இஞ்சிப் பூண்டு விழுதுதான் நினைவுக்கு வருகிறது என்று ஒரு நண்பர் எழுதியிருந்தார். அம்மியில் அரைத்த விழுதையும் ஆலமரத்து விழுதையும் தமிழ் பேசும் எவரும் குழப்பிக்கொண்டதில்லை; மரத்தைப் பற்றிய நூலில் அந்தக் குழப்பத்துக்கு இடமே இல்லை. சொல்லின் பழமையும் நம் பக்கம் இருக்கிறது. கறையான் அரித்த ஆலமரத்தை அதன் வீழ் ஊன்றித் தாங்குவதுபோல, தளர்ந்த தந்தையை மகன் தாங்குவான் என்று நாலடியாரில் ஓர் உவமை உண்டு. வீழ் என்ற பெயரை மட்டுமன்றி, அது மண்ணில் நிலைகொள்வதற்கு "ஊன்று" என்ற வினையையும் அந்தப் பாடல் நமக்குத் தந்துவிடுகிறது. மண்ணைத் தொட்ட விழுதுக்கு "ஊன்றுவிழுது" என்ற சொல்லை நான் முன்மொழிவதற்கு அதுவே அடிப்படை.

பாடநூல்களில் "தூண் வேர்" இருக்கும்போது புதுச்சொல் எதற்கு என்று தாங்கள் கேட்கக்கூடும். சென்னையின் அடையாற்று ஆலமரத்துக்குத் தூண் வேர் என்பது முற்றிலும் பொருந்தும். 1989ஆம் ஆண்டுப் புயலில் அடிமரம் சாய்ந்த பிறகும் அது தன் விழுதுகளின் மேலேயே நின்றுகொண்டிருக்கிறது. என் தட்டில் இருப்பது ஈர்க்குச்சிப் பருமன்கூட இல்லாத வேர். அதைத் தூண் என்று அழைக்க எனக்கு நா எழவில்லை. மேலும், தூண் என்பது முடிந்த நிலையை மட்டுமே காட்டுகிறது. ஊன்றுவிழுது வினைத்தொகையாக இருப்பதால் ஊன்றிய, ஊன்றுகின்ற, ஊன்றும் என்று மூன்று காலமும் அதற்குள் அடங்கிவிடும்; மண்ணுக்குள் நேற்று நுழைந்த வேருக்கும் இருபது ஆண்டு முதிர்ந்த வேருக்கும் ஒரே சொல் பொருந்தும். மண்ணைத் தொடாததைப் பிரித்துக் காட்ட வேண்டிய இடத்தில் அதே முறையில் தொங்குவிழுது என்று சொல்லிக்கொள்ளலாம்.

இந்த வேறுபாடு கண்ணுக்கே தெரியும். தொங்கும்போது விழுது நூல்போலத் துவண்டு கிடக்கும். கதவைத் திறந்தால் வரும் காற்றுக்கே ஆடும். வெளிறிய முனையை விரல் உரசினாலும் கருகிவிடும். மண்ணைப் பிடித்த சில வாரங்களில் அதன் வளைவு மறைந்து, வீணைத் தந்திபோல விறைத்து நிற்கும். ஊன்றிய வேரில் சுருங்கும் இயல்புடைய கட்டை உருவாகி அதை இழுத்து நிமிர்த்துகிறது என்பதை, நர்சரிகளில் பைகஸ் என்று விற்கும் பெஞ்சமினா வகையில் ஆராய்ந்து கண்டிருக்கிறார்கள். பருமன் கூடத் தொடங்குவதும் அதன் பிறகுதான். அதுவரை அந்த வேர் எத்தனை மாதம் தொங்கினாலும் நூலாகவே இருக்கும்.

இனி, அனைவரும் அதிகமாக எழுதிய செயல்முறைச் சொல்லுக்கு, அதாவது விழுதை வரவழைத்து மண்ணில் சேர்க்கும் வேலைக்கான பெயருக்கு, வருகிறேன். சமவெளியில் ஆலமரம் தானே விழுது விடும். ஏறத்தாழ 1,850 மீட்டர் உயரத்தில் இருக்கும் இந்த ஊரில், அதுவும் வீட்டுக்குள், நாம்தான் அதை வரவழைக்க வேண்டியிருக்கிறது. சன்னலுக்கு வெளியே நாள் முழுவதும் மூடுபனி நிற்கும் ஊரில் ஈரத்துக்கு என்ன குறை என்று எண்ணித்தான் நானும் தொடங்கினேன். முதல் மார்கழியில், குளிர் தாங்காமல் அறையில் ஹீட்டரைப் போட்டபோது, அரை விரல் நீளம் இறங்கியிருந்த நான்கு விழுதுகளும் ஒரே வாரத்தில் முனை சுருங்கிக் காய்ந்துபோயின. காரணம் பிறகே விளங்கியது. வெளியே 12 டிகிரி செல்சியஸில் நீராவி நிறைந்து நிற்கும் காற்றை உள்ளே கொண்டுவந்து 22 டிகிரிக்குச் சூடேற்றினால், அதே நீராவியோடு அதன் ஒப்பு ஈரப்பதம் ஏறத்தாழ 53 விழுக்காடாக இறங்கிவிடுகிறது. ஹீட்டர் இல்லாவிட்டால் ஈரம் இருக்கும், வேர் வளர்வதற்கான வெதுவெதுப்பு இராது. விழுதுக்கு இரண்டும் ஒருசேர வேண்டும்.

அதனால் இப்போது மரத்தைத் தட்டோடு ஒரு பழைய கண்ணாடி மீன்தொட்டிக்குள் வைத்து, மேலே கண்ணாடிப் பலகையால் முக்கால் பங்கு மூடி, அடியில் கூழாங்கற்களுக்கிடையே நீர் தேக்கி வைக்கிறேன். தட்டின் அடி நீரைத் தொடக்கூடாது. விழுது ஒரு விரல் நீளம் வந்ததும், குளிர்பானம் குடிக்கும் உறிஞ்சுகுழலை நெடுக்காகக் கீறி, ஈரமான ஸ்பாக்னம் பாசியை அடைத்து, விழுதின் முனையைப் பக்கவாட்டில் அதற்குள் நுழைத்து, குழலின் அடியை மண்ணில் செருகிவிடுகிறேன். வேர் குழலுக்குள்ளேயே இறங்கி மண்ணைத் தொட்ட பின், பாசியையும் குழலையும் மேலிருந்து கீழாகச் சிறிது சிறிதாக வெட்டி எடுக்க வேண்டும். ஒரேயடியாக உருவினால் வேரும் உடன் வந்துவிடும்.

இந்த வேலைக்கு "காற்றுவேர்த் தூண்டல்" என்று ஒருவரும் "விழுதிறக்கம்" என்று கோத்தகிரி அம்மையாரும் எழுதியிருந்தார்கள். அம்மையாரின் சொல்லைப் படித்ததும் மனம் நிறைந்தது. விழுது இறங்கியிருக்கிறது என்று நாம் அன்றாடம் சொல்வதிலிருந்தே அது பிறந்திருக்கிறது. ஒரேயொரு திருத்தம் வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. இறக்கம் என்பது இறங்கு என்ற தன்வினையிலிருந்து வருவது. மேட்டுப்பாளையம் போகும் மலைப்பாதையை நாம் இறக்கம் என்கிறோம். விலையின் ஏற்ற இறக்கமும் தானாக நிகழ்வதே. ஆகவே விழுதிறக்கம் என்ற சொல் மரம் தானே செய்வதற்குரியது. வளர்ப்பவர் செய்வது பிறவினை: பனையிலிருந்து கள் இறக்குகிறோம், லாரியிலிருந்து மூட்டை இறக்குகிறோம், கிளையிலிருந்து விழுது இறக்குகிறோம். அதற்கு "விழுதிறக்கல்" என்ற தொழிற்பெயரே முறையாகும். இரண்டையும் வைத்துக்கொண்டால், "விழுதிறக்கம் அரிதாக உள்ள குளிர்ப்பகுதிகளில் விழுதிறக்கல் தேவைப்படும்" என்று எவ்வளவு தெளிவாக எழுத முடிகிறது என்பதை நண்பர்கள் பார்க்க வேண்டும். தூண்டல் என்ற சொல்லோ வேர் முளைப்பதோடு நின்றுவிடுகிறது. உண்மையான உழைப்பு அதன் பிறகுதான் தொடங்குகிறது.

பொன்சாய் என்பதைக் குறுமரம் என்று மாற்றும் யோசனையை நான் ஏற்கவில்லை. அந்தச் சப்பானியச் சொல்லுக்குத் தட்டில் நடுதல் என்றுதான் பொருளே தவிர, குறுமை அதில் இல்லை. குறுமரம் என்றால் புதர்போன்ற மரங்களும் உள்ளே வந்துவிடும். கண்ணாடித் தொட்டி அமைப்புக்கு "ஈரக்கூண்டு" போதும்.

இன்னும் ஒன்றுக்குச் சொல் தீர்மானமாகாமல் இருக்கிறது. அடிமரத்தை ஒட்டி இறங்கும் விழுதுகள் பருத்து, ஒன்றோடொன்று அழுந்தி, நாளடைவில் தோலும் கட்டையும் கூடி ஒரே மரமாகிவிடுகின்றன. "ஒட்டு" என்றால் நாம் செய்யும் ஒட்டுக்கட்டலோடு குழம்பும். "இணைவு" என்பதில் அந்த நெருக்கம் இல்லை. என் கல்லிச்சியில் இரண்டு விழுதுகள் இந்த மாதம்தான் அடிமரத்தைத் தொட்டிருக்கின்றன, அவற்றுக்கிடையே ஒரு தாள் இன்னும் நுழைகிறது. சமவெளியில் பெரிய ஆலமரங்களுக்கு அருகே வாழும் நண்பர்கள், தங்கள் ஊர்ப் பெரியவர்கள் இதற்கு என்ன சொல்கிறார்கள் என்று கேட்டு எழுத வேண்டுகிறேன்; பட்டியலில் அந்த இடத்தை அதுவரை வெறுமையாகவே விட்டுவைக்குமாறு ஐயாவைக் கேட்டுக்கொள்கிறேன்.