கிளையன்ட் கால்ல "எனக்கு இது சரியா படல"ன்னு இங்கிலீஷ்ல மரியாதையா எப்படி சொல்றது?

டெஸ்டர்_தம்பி:
சென்னைல சாஃப்ட்வேர் டெஸ்டிங்ல இருக்கேன், 4 வருஷம் ஆச்சு, கிளையன்ட் லண்டன். போன மாசம் ஒரு கால்ல அவங்க வெள்ளிக்கிழமையே ரிலீஸ் போயிடலாம்னாங்க, நான் பதறிப்போய் "நோ நோ, நாட் பாசிபிள், யூ ஆர் ராங்"னுட்டேன். கொஞ்ச நேரம் யாரும் பேசல. அப்புறம் மேனேஜர் தனியா கூப்ட்டு, சொன்ன விஷயம் சரிதான்ப்பா ஆனா சண்டைக்கு போற மாதிரி இருந்துச்சுன்னாரு. சரின்னு அடுத்த கால்ல வாயே தொறக்கல, கடைசில ஒரே ஒரு "நோ" மட்டும் மெதுவா சொன்னேன். கால் முடிஞ்சு பேசுனத எழுதி அனுப்புற மினிட்ஸ்ல பாத்தா எல்லாரும் ஒத்துக்கிட்டதா வந்துருக்கு! இப்ப ரெண்டு சனிக்கிழமையா ஆபீஸ்ல உக்காந்துருக்கேன். நான் தமிழ் மீடியம், கிராமர் ஓரளவு ஓகே, இந்த பணிவா மறுக்குறது மட்டும் வரவே மாட்டேங்குது.

காவேரிக்கரை:
தம்பி, இது கிராமர் பிரச்சனையே இல்ல. நாம எந்த பேச்சையும் "இல்ல"ன்னுதான் ஆரம்பிப்போம், கவனிச்சு பாருங்க. "இல்ல, நான் என்ன சொல்றேன்னா". ஒத்துக்கும்போது கூட "இல்லல்ல, நீங்க சொல்றது கரெக்ட்"டுதான். நமக்கு அது தொண்டைய செருமுற மாதிரி. அதையே "நோ நோ"ன்னு போட்டா அவங்களுக்கு மூஞ்சில கதவ சாத்துன மாதிரி இருக்கும். முதல்ல அந்த நோவ எடுங்க. அடுத்து "யூ ஆர் ராங்"னு ஆள சொல்லாதீங்க, வேலைய சொல்லுங்க. "ஐ சீ வொய் ஃப்ரைடே மேட்டர்ஸ். மை வொரி இஸ் த பேமென்ட் பார்ட், வீ ஹேவன்ட் டெஸ்டட் இட் யெட்." அதோட நிறுத்தாம "குட் வீ லுக் அட் வெட்னஸ்டே?"ன்னு ஒரு தேதியும் கொடுத்துருங்க. வெறும் கையோட போய் முடியாதுன்னா யாருக்கும் எரிச்சல்தான் வரும். இன்னொன்னு, "ஐ ஹேவ் எ டவுட்"னு சொல்ற பழக்கம் இருந்தா விடுங்க. நம்ம ஊர்ல டவுட்னா கேள்வி, அவங்க காதுல "நீ சொல்றதுல நம்பிக்கை இல்ல"ன்னு விழும்.

மீனாக்கா:
காவேரி சொன்னதோட இதையும் சேத்துக்கோப்பா. பொண்ணு பாத்துட்டு "ஊருக்கு போயி லெட்டர் போடுறோம்"னா என்ன அர்த்தம்னு நமக்கு யாரும் சொல்லித்தர வேணாம்ல? வெள்ளைக்காரங்களுக்கும் அந்த மாதிரி லெட்டர் இருக்கு. லண்டன்காரர் "வெரி இன்ட்ரஸ்டிங்"னு சொல்லி அடுத்த விஷயத்துக்கு தாவிட்டா உன் ஐடியா பெரும்பாலும் காலி. "வித் ரெஸ்பெக்ட்"னு ஆரம்பிச்சா அடி விழப்போகுதுன்னு அர்த்தம், அத நாம மரியாதைன்னு நெனச்சு போடாம இருக்குறது நல்லது. நான் ரொம்ப நாள் மெயில்ல போட்டுட்டு இருந்தேன், சொல்லவே வெக்கமா இருக்கு. "ஐ வாஸ் வொண்டரிங் இஃப்"னு இறந்தகாலத்துல ஆரம்பி. நாம "ஒரு விஷயம் கேக்கலாம்னு வந்தேன்"னு சொல்றோம்ல, வந்து எதுத்தாப்புல நிக்கும்போதே வந்தேன்னுதான சொல்றோம், அதே பணிவு.

ரோட்டர்டாம்_ரவி:
எல்லாம் சரி, ஆனா ஆள பாத்து பேசணும். நான் இருக்குறது நெதர்லாந்து. வந்த புதுசுல லண்டன் பழக்கத்துல "இட் மைட் பி எ பிட் டிஃபிகல்ட்"னேன், டச்சுக்காரர் "டிஃபிகல்ட் தானே, செய்ங்க"ன்னு போயிட்டார், கிண்டல் இல்ல, நெஜமாவே அப்படித்தான் புரிஞ்சிருக்கு. இங்க "ஐ டோன்ட் அக்ரீ, பிகாஸ்"னு காரணத்தோட சொன்னா ஒருத்தரும் கோச்சுக்க மாட்டாங்க, சுத்தி வளச்சா தான் மறைக்கிறான்னு நெனப்பாங்க.

தம்பி ஒன்னு கேக்கணும், ரெண்டாவது கால்ல நீங்க "நோ" சொன்னது என்ன கேள்விக்கு?

டெஸ்டர்_தம்பி:
"சோ வீ டோன்ட் நீட் அனதர் டெஸ்ட் ரவுண்ட்?"னு கேட்டாங்க. நான் நோன்னேன். அதாவது, இல்லங்க, வேணும்னு.

ரோட்டர்டாம்_ரவி:
போச்சு. "வேணாம்ல?"ன்னு கேட்டா தமிழ்ல "இல்ல"ன்னா நீங்க சொன்னது தப்பு, வேணும்னு அர்த்தம். இங்கிலீஷ்ல அந்த இடத்துல நோன்னா "ஆமா, வேணாம்". இப்படி கேட்டா ஒத்த வார்த்தைல பதில் சொல்லாதீங்க, "வீ டூ நீட் இட்"னு முழுசா சொல்லுங்க.

டெஸ்டர்_தம்பி:
அய்யய்யோ. அப்ப அந்த சனிக்கிழமைய நானே வாங்கிருக்கேன்.

மீனாக்கா:
இன்னைக்கே மினிட்ஸுக்கு ரிப்ளை போட்டு "ஐ மே நாட் ஹேவ் பீன் கிளியர்"னு ஆரம்பிச்சு எழுது. மூணாவது சனிக்கிழமையாவது தப்பும்.