புதுப்பிப்பு: வயதான பூனையின் தீராத வாந்தி, எடைக்குறைவு

வயதான பூனைக்கு வாந்தியும் எடைக்குறைவும் தீராவிட்டால் என்ன பரிசோதனை என்று சொன்ன முந்தைய பதிவில் வயிற்று அல்ட்ராசவுண்ட் ஸ்கேனோடு நிறுத்தியிருந்தேன், அது போதாது. குடல்சுவரின் தசையடுக்கு கறுப்புப் பட்டையாகத் தடித்துத் தெரிந்தால் அழற்சியாகவும் இருக்கலாம், மெதுவாக வளரும் லிம்போமா என்ற புற்றுநோயாகவும் இருக்கலாம். பிரித்துச் சொல்ல பயாப்ஸிதான் (திசுத் துணுக்கு எடுத்துச் சோதிப்பது) வழி. வாய்வழி குழாய்க் கேமரா விடும் எண்டோஸ்கோப்பி நடுக்குடலுக்கு எட்டாது, எடுக்கும் துணுக்கும் மேலடுக்கோடு நின்றுவிடும். சிறுகுடலின் கடைசிப் பகுதியான இலியத்திலிருந்தும் துணுக்கு எடுக்கச் சொல்லுங்கள்.

பயாப்ஸிக்கு முன் தைராய்டு ஹார்மோனை அளக்கும் டி4 சோதனை. 12 மணி நேரம் பட்டினிபோட்டு எடுத்த ரத்தத்தில் பி12, ஃபோலேட் வைட்டமின்களின் அளவு, கணையம் சரியாகச் செரிமான நொதி சுரக்கிறதா என்று காட்டும் டிஎல்ஐ. பி12 குறைந்திருந்தால் வழக்கமாக வாரம் ஒரு 250 மைக்ரோகிராம் ஊசி, 6 வாரம்.

உணவுதான் காரணமா என்று பார்க்க, புரதத்தை நுண்துண்டுகளாக உடைத்துத் தயாரித்த உணவு மட்டும் 2 வாரம். நடுவில் ஒரு துண்டு கருவாடு விழுந்தாலும் கணக்கு கெட்டது!

ஸ்டீராய்டு மருந்தான ப்ரெட்னிசோலோனை ‘போட்டுப் பார்ப்போம்’ என்று முதலிலேயே தொடங்கினால் லிம்போமாவும் கொஞ்ச நாள் அடங்கிக் கிடக்கும், பயாப்ஸி முடிவும் குழம்பும்.