துபாயில் ஆடிட் வேலை, கூடவே சிஎஃப்ஏ: எந்த மாதம் எழுதுவது?

கேள்வி: வணக்கம் அண்ணா. பி.காம், சிஏ இன்டர் முடித்துவிட்டு துபாயில் ஓர் ஆடிட் நிறுவனத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கிறேன். அல் குசைஸில் ரூம் ஷேரிங். காலை எட்டு மணிக்குக் கிளம்பினால் இரவு ஒன்பதுக்கு முன்னால் திரும்புவதில்லை. பிப்ரவரியில் முதலீட்டுத் துறைக்கான சிஎஃப்ஏ தேர்வில் லெவல் 1 எழுதலாம் என்று இருக்கிறேன். முடியுமா?

பதில்: எழுதுங்கள் தம்பி. ஆனால் பிப்ரவரி வேண்டவே வேண்டாம்.

லெவல் 1 வருடத்துக்கு நான்கு முறை நடக்கிறது: பிப்ரவரி, மே, ஆகஸ்ட், நவம்பர். இதில் எது என்பதை உங்கள் ஆர்வத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள், ஆபீஸ் காலண்டரை வைத்து முடிவு செய்யுங்கள். ஊரில் மார்ச் 31-க்குப் பிறகு வரும் நெரிசல் இங்கே ஜனவரியிலேயே வந்துவிடும். பெரும்பாலான கம்பெனிகளுக்கு டிசம்பரோடு கணக்கு ஆண்டு முடிகிறது, மார்ச் வரை ஆடிட்காரனுக்கு ஞாயிற்றுக்கிழமைகூட நிச்சயமில்லை. பிப்ரவரி அதோடு போயிற்று. மே மாதத்துக்கு ஏப்ரலில் உட்கார்ந்து படித்தால் போதும் என்று நினைப்பவர்கள் உண்டு, போதாது.

நவம்பரும் முன்போல் இல்லை. 2023 ஜூனிலிருந்து இங்கே கார்ப்பரேட் டாக்ஸ் வந்துவிட்டது. 3,75,000 திர்ஹமுக்கு மேல் போகும் லாபத்துக்கு 9 சதவீதம். கணக்கு ஆண்டு முடிந்து ஒன்பது மாதத்துக்குள் ரிட்டர்ன் போட வேண்டும், அதாவது டிசம்பர் கம்பெனிகளுக்கு செப்டம்பர் 30. கடைசி நேரத்தில் ஓடிவரும் கிளையன்ட்கள் எங்கும் உண்டு, இங்கே கொஞ்சம் அதிகம். நவம்பர் தேர்வுக்கு நன்றாகப் படிக்க வேண்டிய செப்டம்பர் அதில் கரைந்துவிடும்.

ஆக, மிஞ்சுவது ஆகஸ்ட். சிஎஃப்ஏ இன்ஸ்டிடியூட் ஒரு லெவலுக்குச் சுமார் 300 மணி நேரம் படிக்கச் சொல்கிறது. ஏப்ரல் இரண்டாம் வாரத்தில் தொடங்கினால் தேர்வுக்கு முன் 17, 18 வாரம் கிடைக்கும். வாரத்துக்கு 17, 18 மணி நேரம் வேண்டும்: வேலை நாட்களில் நான்கு நாள் இரண்டு மணி நேரம், சனி ஞாயிறு ஐந்தைந்து. ஒரு நாளைச் சும்மா விட்டிருக்கிறேன், அது எப்படியும் போய்விடும்.

இந்த இரண்டு மணி நேரத்தை இரவில் வைக்காதீர்கள். ஒன்பது மணிக்கு வந்து, குளித்து, சாப்பிட்டு, அன்றைக்கு உங்கள் சமையல் முறை என்றால் அதையும் முடித்து உட்காரும்போது பத்தரை. ரூமில் நான்கு பேர் இருந்தால் ஒருவர் வீட்டுக்கு வீடியோ கால் பேசிக்கொண்டிருப்பார், ஒருவர் மேட்ச் பார்ப்பார். அவர்களைக் குறை சொல்ல முடியாது, அவர்களும் உழைத்துக் களைத்துத்தான் வருகிறார்கள். கோடையில் சுபுஹு பாங்கு (அதிகாலைத் தொழுகை அழைப்பு) சொல்லும் நேரத்தில் எழுந்துவிடுங்கள். ஆறரைக்குள் அன்றைய படிப்பு முடிந்துவிடும், அதன்பின் ஆபீஸில் எவ்வளவு நேரம் பிடித்து வைத்தாலும் கவலை இல்லை. வார இறுதிக்கு அல் ஜத்தாஃபில் முகமது பின் ராஷித் நூலகம் இருக்கிறது. 2022-இல் திறந்தது. உங்கள் கிரீன் லைன் மெட்ரோவிலேயே ஏறி, வண்டி மாறாமல் கடைசியில் கிரீக் ஸ்டேஷனில் இறங்கலாம். எந்த நாள் விடுமுறை என்று பார்த்துவிட்டுப் போங்கள்.

நோன்பு மாதத்தில் வேலை நேரம் குறையுமே என்று சிலர் கணக்குப் போடுவார்கள். அமீரகத்தின் தொழிலாளர் சட்டப்படி தனியார் நிறுவனங்களில் எல்லோருக்கும் தினம் இரண்டு மணி நேரம் குறைப்பு உண்டு. டிஐஎஃப்சி என்ற துபாய் சர்வதேச நிதி மையத்துக்குள் இருக்கும் நிறுவனங்களுக்குச் சட்டம் வேறு, அங்கே நோன்பு வைக்கும் முஸ்லிம் ஊழியர்களுக்கு மட்டும்தான். இப்போது ரமலான் ஆடிட் சீசனிலேயே வருவதால் உங்களுக்கு அந்த இரண்டு மணி நேரம் காகிதத்தில்தான் இருக்கும். கிடைத்தால் லாபம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

படிப்பில் ஒன்றே ஒன்று சொல்கிறேன். சிஏ பக்கமிருந்து வருகிறவர்கள் ஃபைனான்ஷியல் ஸ்டேட்மென்ட் பாடத்திலேயே சுற்றிச் சுற்றி வருவார்கள், தெரிந்ததைப் படிப்பது சுகமாக இருக்கும். தேர்வில் அதன் பங்கு 11 முதல் 14 சதவீதம். எதிக்ஸ் 15 முதல் 20. கடைசி வாரத்தில் கதைப் புத்தகம் போல் புரட்டிக்கொள்ளலாம் என்று எதிக்ஸைத் தள்ளிப்போட்டவர்கள்தான் அதில் அடிவாங்குகிறார்கள்.

கால்குலேட்டரில் டெக்சாஸ் பிஏ 2 பிளஸ், ஹெச்பி 12சி இரண்டுக்குத்தான் அனுமதி. டெக்சாஸ் வாங்கினால் முதல் வேலையாக அதன் கணக்கு முறையை, கூட்டலுக்கு முன் பெருக்கலைச் செய்யும் ஏஓஎஸ்ஸுக்கு மாற்றுங்கள். கடையிலிருந்து வரும்போது 2 + 3 × 4 போட்டால் 14-க்குப் பதில் 20 என்று சொல்லும்.

பாஸ்போர்ட் விஷயத்தை இன்றைக்கே பாருங்கள். தேர்வு மையத்தில் அசல் பாஸ்போர்ட் வேண்டும், எமிரேட்ஸ் ஐடி செல்லாது. பதிவு செய்த பெயரும் பாஸ்போர்ட்டில் உள்ள பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும். நம் ஆட்கள் ரெஸ்யூமேயில் இனிஷியல் போட்டு ஒரு மாதிரி, பாஸ்போர்ட்டில் அப்பா பெயரை விரித்து இன்னொரு மாதிரி வைத்திருப்போம். பாஸ்போர்ட்டில் எப்படியோ அப்படியே பதியுங்கள். ஊழியரின் பாஸ்போர்ட்டை நிறுவனம் வாங்கி வைத்துக்கொள்ளக் கூடாது என்பது சட்டம், ஆனாலும் ஹெச்ஆர் அலமாரியில் தூங்கும் பாஸ்போர்ட்கள் உண்டு. உங்களுடையதும் அங்கே என்றால் இப்போதே கேட்டு வாங்குங்கள்.

கேள்வி: நன்றி அண்ணா. ஆகஸ்ட் என்றால் ஊருக்குப் போகும் லீவு என்ன ஆகும்? தேர்வுக்குத் தனி விடுப்பு கிடையாதா?

பதில்: சட்டத்தில் வருடம் 10 வேலை நாள் தேர்வு விடுப்பு இருக்கிறது. ஆனால் அமீரகத்தில் அங்கீகாரம் பெற்ற கல்வி நிறுவனத்தில் படிக்க வேண்டும், அதே முதலாளியிடம் இரண்டு வருடம் முடித்திருக்க வேண்டும். உங்களுக்கு இரண்டும் பொருந்தாது. ஒரு வருடம் முடித்தால் கிடைக்கும் 30 நாள் ஆண்டு விடுப்பில்தான் எடுக்க வேண்டும். அதில் பத்து நாளைத் தேர்வுக்கு முன்னால் வைத்து, மாக் டெஸ்ட் மட்டும் போடுங்கள். 180 கேள்வி, 135 நிமிடம் வீதம் இரண்டு பகுதி. அந்த நீளத்துக்கு உடம்பு பழக வேண்டும்.

மிச்ச நாளில் தேர்வு முடிந்த கையோடு ஊருக்குப் போய் வரலாம். ஆகஸ்ட் கடைசியில் இங்கே பள்ளிக்கூடம் திறப்பதால் கூட்டமெல்லாம் ஊரிலிருந்து துபாய்க்குத்தான் வரும், போகிற டிக்கெட் ஓரளவு மலிவாக இருக்கும். செப்டம்பர் ரிட்டர்ன் வேலையைக் காட்டி மேனேஜர் மறுக்கத்தான் பார்ப்பார். அதனால் லீவு மெயிலை ஏப்ரலிலேயே போட்டுவிடுங்கள், அம்மாவிடம் தேதி சொல்வதை மட்டும் அப்ரூவல் வந்தபின் வைத்துக்கொள்ளுங்கள்.