சிங்கப்பூர் வேலையிடத்தில் திருநங்கையர், திருநம்பியர்: வாசகர்கள் நேரில் கண்டவை

செங்காங் வாசகி
பணிநீக்கக் கடிதத்தில் இருந்த 'மறுசீரமைப்பு' என்ற சொல் இன்னும் உறுத்துகிறது. ஊழியர் திருநங்கை. டீட் போல் (பெயர் மாற்றப் பத்திரம்) போட்டு ஐசியில் (அடையாள அட்டையில்) பெயரை மாற்றிவிட்டார், பாலினம் மாறவில்லை. "உன்னை முகப்பில் நிறுத்த முடியாது" என்று மேலாளர் வாயால் சொன்னார், எழுதும்போது மறுசீரமைப்பு என்று எழுதிவிட்டார். 9 நாள் கழித்து அதே வேலை, அதே சம்பளம், மைகேரியர்ஸ்ஃபியூச்சர் வேலைவாய்ப்பு இணையத்தளத்தில் விளம்பரம். தேதி தெரிய ஸ்கிரீன்ஷாட் எடுக்கும்போது அந்தப் பெண்ணின் கை நடுங்கியது.

அந்தப் படம்தான் கைகொடுத்தது. நோட்டீஸ் கொடுத்து, காரணம் சொல்லாமல் நீக்கினால் அது தவறான பணிநீக்கம் இல்லை என்றே முதலில் எடுத்துக்கொள்வார்கள். காரணம் சொல்லி, அது பொய் என்று நிரூபணமானால் நிலைமை மாறிவிடும். வேலைத் தகராறுகளைத் தீர்க்கும் முத்தரப்பு அமைப்பான டாட்எம்மில் மனு போடக் கெடு கடைசி வேலை நாளிலிருந்து 1 மாதம். பலர் கம்பெனிக்குள்ளேயே மேல்முறையீடு, மேல்முறையீடு என்று அலைந்து அந்த மாதத்தைத் தொலைத்துவிடுகிறார்கள். இவருடைய மனு 26ஆம் நாள் போனது.

பூன் லே
புதுச் சட்டம் நடப்புக்கு வரட்டும் என்று யாரையும் காத்திருக்கச் சொல்லாதீர்கள். 2025 ஜனவரி 8இல் நிறைவேறிய வேலையிட நியாயத்தன்மைச் சட்டத்தின் பட்டியலைப் படித்துப் பாருங்கள்: வயது, நாட்டுரிமை, பாலினம், திருமண நிலை, கர்ப்பம், பராமரிப்புப் பொறுப்பு, இனம், சமயம், மொழித்திறன், உடற்குறை, மனநலம். பாலின அடையாளம் அதில் இல்லை. 25 பேருக்குக் குறைவான கம்பெனிகளுக்கு ஆரம்பத்தில் விலக்கும் உண்டு.

ஒரு கலந்தாலோசனையில் ஒருவர், "மனநலம் என்ற தலைப்பில் கேட்டுப் பாருங்களேன்" என்றார். எதிரே உட்கார்ந்திருந்த திருநம்பி, "எனக்கு நோய் என்று நானே எழுதித் தரணுமா?" என்று கேட்டார். அறையில் யாருக்கும் பதில் வரவில்லை.

ஈசூன்
பூன் லே தம்பி, பயமுறுத்த வேண்டாம். நியாயமான வேலை நியமன வழிகாட்டி நெறிமுறைகள் அப்படியேதான் இருக்கின்றன. தகுதி பார்த்து ஆள் எடு என்பதுதான் அவற்றின் அடிப்படை. பாலின அடையாளத்தால் பாகுபாடு என்றாலும் நியாயமான வேலை நடைமுறைகளைக் கவனிக்கும் டாஃபெப் அமைப்பிடம் போகலாம் என்று மனிதவள அமைச்சே சொல்லியிருக்கிறது. இந்த விஷயத்தில் சமூகத்தில் ஒத்த கருத்து இல்லாதபோது சட்டம் முந்திக்கொண்டு ஓட முடியாது.

பூன் லே
அண்ணே, போகலாம்தான். போனால் என்ன கிடைக்கும்? நெறிமுறையை மீறிய கம்பெனிக்கு மனிதவள அமைச்சு, வெளிநாட்டு ஊழியரை எடுப்பதற்கான வேலை அனுமதிச் சலுகைகளை 12 முதல் 24 மாதம் வரை நிறுத்தலாம். வெளிநாட்டு ஊழியரே இல்லாத கடைக்கு அது வலிக்குமா? வேலை போனவருக்குத்தான் அதில் ஒரு காசு உண்டா? சட்டம் நடப்புக்கு வந்ததும் அதன் பட்டியலில் இருப்பவருக்கு இழப்பீடு கேட்க வழி உண்டு, இல்லாதவருக்குக் கிடைப்பது புகார் எண். இதைத்தான் நியாயமில்லை என்கிறேன்.

தேக்கா
சண்டைக்கு நடுவில் ஒன்று சொல்லிவிடுகிறேன். ஒரு கிளினிக்கில், கம்பெனி கொடுத்த காப்புறுதி அட்டையைப் பார்த்து, புடவை கட்டியிருந்த பெண்ணைப் பழைய ஆண் பெயரில் மூன்று முறை கூப்பிட்டார்கள். அவர் எழுந்திருக்கவே இல்லை. மருந்து வாங்காமலே போய்விட்டார்.

ஆள்வளப் பிரிவில் இருப்பவர்களே, பெயர் மாறினாலும் ஐசி எண் மாறாது. மசேநிதி (மத்திய சேமநிதி) கணக்கு எண்ணும் அதுதான். எண்ணைப் பிடித்துக்கொண்டு போனால் சம்பளப் பட்டியல் குழம்பாது. பழைய பெயர் ஒளிந்திருக்கும் இடங்கள் வேறு: மின்னஞ்சல் முகவரி, வாசல் அட்டை, வேலை நேரப் பட்டியல், காப்புறுதி அட்டை, அச்சு இயந்திரத்தில் பயனர் பெயர். வேலையில் சேரும் நாளுக்கு முந்திய வாரமே இத்தனையையும் ஒரே ஆள் மாற்றி முடிக்க வேண்டும். நாலு பேரிடம் பிரித்துக் கொடுத்தால் ஒன்று விட்டுப்போகும், அது ஊர் முன்னால் வெளியே வரும். பட்டச் சான்றிதழில் பழைய பெயர் இருக்கும், அதனால் டீட் போல் நகலைச் சான்றிதழோடு சேர்த்து, இருவர் மட்டும் திறக்கக்கூடிய கோப்பில் வையுங்கள்.

ஐசியில் பாலினத்தை மாற்ற, அறுவை சிகிச்சை முடிந்ததற்கான மருத்துவ அறிக்கை வேண்டும். எல்லாருக்கும் அது முடியாது, எல்லாரும் விரும்புவதும் இல்லை. "முதலில் ஐசியை மாற்றிக்கொண்டு வா" என்று திருப்பி அனுப்பாதீர்கள். பெயர் அட்டையில் ஒரு பெயர் அச்சடிக்க யாருடைய அறிக்கையும் தேவையில்லை.

கழிவறைக்கும் இதே கணக்குதான். உள்ளே தாழ்ப்பாள் போடும் தனி அறை ஒன்று இருந்தால் அதை எல்லா ஊழியருக்கும் பொது என்று அறிவியுங்கள். அவரை மட்டும் மூன்றாம் மாடிக்குப் போகச் சொன்னால் அது வசதி இல்லை, ஒதுக்கி வைப்பது.

செங்காங் வாசகி
தேக்கா அக்கா, வேலை நேரப் பட்டியலை வாட்ஸ்அப் குழுவில் படமாகப் போடுவார்கள், அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கணினியில் பெயரை மாற்றிய பிறகும் பழைய படம் அந்தக் குழுவில் அப்படியே கிடக்கும்.