உலர்த்தி சூடாகவில்லை: போர்டை மாற்றுவதா, சென்சாரைப் பார்ப்பதா?

இரணைமடுவான்
அம்மா ஒன்றரை வருடமாகப் படுக்கையில் இருக்கிறார். ஒரு நாளைக்கு நாலைந்து விரிப்புகள் மாற்ற வேண்டும். ஐப்பசி பிறந்தால் கிளிநொச்சியில் கொடியில் போட்ட துணி மூன்று நாளானாலும் காயாது என்பது உங்களுக்குத் தெரியும். அதற்காகவே வெளிநாட்டிலிருக்கும் அண்ணன் பணம் அனுப்பி, உடுப்பு உலர்த்தும் இயந்திரம் ஒன்று வாங்கினோம். இப்போது டிரம் சுற்றுகிறது, சூடு வருவதில்லை. சில நிமிடங்களில் நின்று ஒரு பிழை எண்ணைக் காட்டுகிறது. கையேட்டில் அந்த எண்ணுக்கு நேரே 'வெப்பநிலை சென்சார்' என்று இருக்கிறது. வந்து பார்த்த திருத்துநர் பின்மூடியைக்கூடக் கழற்றவில்லை. இடி மின்னலில் போர்டு, அதாவது இயந்திரத்தைக் கட்டுப்படுத்தும் மின்சுற்றுப் பலகை, போய்விட்டது, மாற்ற வேண்டும் என்றார். கேட்ட விலை புது இயந்திரத்தின் பாதிக்கு மேல். என்ன செய்யலாம்?

முறிகண்டி மின்
தம்பி, போர்டுக்குக் காசு கொட்டாதீர்கள். அந்தச் சென்சார் இரண்டு வயருள்ள சின்னத் தெர்மிஸ்டர், சூட்டுக்கேற்ப மின்தடை மாறும் பாகம். அதைக் கழற்றிவிட்டு மாறாத தடையுள்ள 10 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்றைப் பூட்டுங்கள். போர்டு ஏமாந்து வேலை செய்யும். நான் இரண்டு வீடுகளில் செய்து கொடுத்திருக்கிறேன்.

மாங்குளம் சந்தி
அண்ணை, இதைத் தயவுசெய்து யாருக்கும் சொல்லாதீர்கள். பெரும்பாலான தெர்மிஸ்டர்கள் சூடு ஏற ஏறத் தடை குறையும் வகை. 25 பாகையில் 10 கிலோ ஓம் காட்டும் ஒன்று, 50 பாகையில் ஏறத்தாழ 3.6 காட்டும். அந்த இறக்கத்தைப் பார்த்துத்தான் போர்டு ஹீட்டரை நிறுத்துகிறது. நீங்கள் பூட்டும் ரெசிஸ்டர் எந்தச் சூட்டிலும் 10இலேயே நிற்கும். டிரம்முக்குள் என்ன கொதித்தாலும் போர்டுக்கு அது 25 பாகைதான். ஹீட்டர் நிற்காமல் எரியும். உள்ளே இருப்பது பருத்தித் துணியும் பஞ்சுத் தூசியும். பக்கத்து அறையில் எழுந்து நடக்க முடியாத ஒரு தாய் படுத்திருக்கிறார்.

முறிகண்டி மின்
பயமுறுத்த வேண்டாம். அதற்குத்தானே தெர்மோஸ்டாட்டும் வெப்ப பியூஸும் தனியாக இருக்கின்றன? சூடு மீறினால் அவை வெட்டும். இங்கே உதிரிப்பாகம் ஒன்று கேட்டால் கொழும்பிலிருந்து வர வாரக்கணக்கில் ஆகிறது. அதுவரை அந்த அம்மா ஈர விரிப்பில் படுப்பதா? அந்தக் கவலையில்தான் சொன்னேன்.

மாங்குளம் சந்தி
உங்கள் கவலையை நான் குறை சொல்லவில்லை. ஆனால் வெப்ப பியூஸ் கடைசி வேலி. மற்றதெல்லாம் தவறிய பிறகு ஒரே ஒரு முறை அறுந்து காப்பதற்காக வைத்தது. நாள்தோறும் சூட்டைக் கட்டுப்படுத்துவது அதன் வேலை அல்ல. இன்னொன்றையும் சொல்கிறேன்: ஒருமுறை அது அறுந்ததும், அடுத்து வருகிறவர் அதையும் வயர் போட்டு இணைத்துவிடுவார். அப்படி இணைத்த ஓர் இயந்திரத்தை நானே திறந்து பார்த்திருக்கிறேன். உள்மூடி கருகிக் கிடந்தது.

ஓமந்தைக்காரன்
திருத்துநரை ஒரேயடியாகத் தள்ளிவிடவும் முடியாது. போன ஐப்பசி இடியில் எங்கள் வீட்டுத் தொலைக்காட்சி, தண்ணீர்ப் பம்பின் கட்டுப்பாட்டுப் பெட்டி இரண்டும் போயின. போர்டு பழுதாவது நடக்காத காரியம் அல்ல.

மாங்குளம் சந்தி
நடக்கலாம். ஆனால் அளக்காமல் எப்படிச் சொன்னார் என்பதே என் கேள்வி. டிரம் சுற்றுகிறது, திரை எரிகிறது, பிழை எண்ணும் வருகிறது. அப்படியானால் முதலில் சென்சார் பக்கத்தைப் பார்ப்பதுதான் முறை, செலவும் இல்லை. இரணைமடுவான், பிளக்கைச் சுவரிலிருந்து முழுதாகக் கழற்றுங்கள். சுவிட்சை மட்டும் நிறுத்தினால் போதாது. பிறகு மல்டிமீட்டரால் இரண்டு இடங்களில் மின்தடையை அளந்து பாருங்கள்: சென்சாரின் கால்களில் நேரடியாக ஒரு முறை, போர்டுக்குப் போகும் வயரின் முனையில் ஒரு முறை. எல்லாச் சென்சாரும் 10 கிலோ அல்ல, உங்கள் மாடலின் அளவைக் கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள்.

இரணைமடுவான்
அளந்துவிட்டேன். கையேட்டில் 25 பாகைக்கு 10 கிலோ என்றே இருக்கிறது. சென்சாரின் கால்களில் 7.4 காட்டியது. அறையில் 32 பாகை. பொலித்தீன் பையில் சுற்றிச் சுடுதண்ணீர்க் கோப்பைக்குள் பிடித்தபோது எண் சீராக இறங்கியது. ஆனால் போர்டுப் பக்க முனையில் மீட்டர் அசையவே இல்லை, மின்வழி அறுந்து கிடந்தது. வயரைத் தொடர்ந்து பார்த்தேன். நடுவில் உள்ள இணைப்புக்குள் எறும்பு கூடு கட்டியிருக்கிறது. இணைப்பின் ஓர் உலோக முள்ளில் பச்சைக் களிம்பு ஏறி, தொட்டதும் ஒடிந்துவிட்டது.

மாங்குளம் சந்தி
பார்த்தீர்களா, சென்சாரும் நல்லது, போர்டும் பெரும்பாலும் நல்லது. அந்த இணைப்பை வெட்டி எறிந்துவிட்டுப் புதியது பூட்டுங்கள். வெளியே போகும் காற்றுக் குழாயையும் இப்போதே கழற்றித் துப்புரவு செய்யுங்கள். குழாய் அடைத்தால் சூடு தேங்கி வெப்ப பியூஸ் அறும்.

முறிகண்டி மின்
எறும்பு என்று நான் நினைத்தே பார்க்கவில்லை. அந்த இரண்டு வீடுகளுக்கும் இந்த வாரமே போய் ரெசிஸ்டரைக் கழற்றுகிறேன். ஆனால் ஒன்று: இணைப்பு தேடி அலைய வேண்டாம், வயரை நேராக முறுக்கி ஈயம் பற்றவைத்தால் போதும்.

மாங்குளம் சந்தி
அதையும் ஏற்க மாட்டேன். அது நாள் முழுக்க அதிரும் இயந்திரம். பற்றவைத்த இடத்துக்கு அடுத்து வயர் விறைத்து, பிறகு அங்கேயே ஒடியும். அழுத்திப் பூட்டும் இணைப்புத்தான் நிற்கும்.

முறிகண்டி மின்
வயரைப் பக்கத்திலேயே கட்டி இறுக்கினால் அதிர்வு பற்றவைத்த இடத்துக்குப் போகாது. இருபது வருட அனுபவத்தில் சொல்கிறேன்.

இரணைமடுவான்
கிளிநொச்சிக் கடையில் அழுத்தும் இணைப்புக் கிடைத்தது, அதையே பூட்டினேன். குழாயிலிருந்து ஒரு வாளி பஞ்சு வந்தது. இன்று மாலை முதல் சுற்றில் அம்மாவின் இரண்டு விரிப்புகள் காய்ந்துவிட்டன. வெளியே மழை விடவில்லை. எறும்பு திரும்ப வராமலிருக்க அந்த இணைப்பைச் சுற்றி என்ன போடலாம் என்று மட்டும் சொல்லுங்கள்.