பேஸ் கேபினட்டில் ஸ்பீக்கர் போய்விட்டது: 8 ஓம் வாங்கியது சரிதானா?

ராயபுரம்வாசி
அனைவருக்கும் வணக்கம். எங்கள் ஆலயப் பாடகர் குழுவில் பேஸ் கிட்டார் வாசிக்கிறேன். எங்கள் பேஸ் கேபினட்டில் ஸ்பீக்கர் போய்விட்டது. பின்பக்கத் தகட்டில் 8 ஓம் என்று அச்சிட்டிருந்ததால், ரிச்சி தெருவுக்குப் போய் 8 ஓம் ஸ்பீக்கர் ஒன்றை வாங்கி வந்துவிட்டேன். பழையதைக் கழற்றிவிட்டு இதை மாட்டினால் போதுமா? ஞாயிறு காலைப் பூசைக்குள் தயாராக வேண்டும், சற்று விரைவாகச் சொல்லுங்கள்.

நான்குதந்தி
கேபினட்டுக்குள் மொத்தம் எத்தனை ஸ்பீக்கர்கள்? எத்தனை அங்குலம்? ஆம்ப் (ஆம்ப்ளிஃபயர்) டிரான்சிஸ்டரா, வால்வா? அதன் பின்புறம் குறைந்தபட்சம் எத்தனை ஓம் என்று எழுதியிருக்கிறது? இவை தெரியாமல் நாங்கள் சொல்வதெல்லாம் ஜோசியமாகத்தான் இருக்கும்.

காசிமேட்டான்
ஸ்பீக்கரைக் கழற்றும் முன் உப்பைச் சந்தேகியுங்கள். நம் பக்கத்துக் கடல் காற்றுக்கு எந்தப் பித்தளையும் தாங்குவதில்லை. என் கேபினட்டும் இப்படித்தான் ஒருநாள் ஊமையாகிவிட்டது. திறந்து பார்த்தால் டெர்மினல் முழுவதும் பச்சை பூத்துக் கிடந்தது, உப்புத்தாளால் நான்கு தேய்ப்புத் தேய்த்ததும் பேசத் தொடங்கிவிட்டது. கோனிலிருந்து (முன்னால் அதிரும் கூம்பு) டெர்மினலுக்கு வரும் பின்னல் கம்பி அறுந்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

ராயபுரம்வாசி
இரண்டு 10 அங்குல ஸ்பீக்கர்கள் இருக்கின்றன. ஆம்ப் டிரான்சிஸ்டர்தான், குறைந்தபட்சம் 4 ஓம் என்று போட்டிருக்கிறது. டெர்மினலைத் தேய்த்துப் பார்த்தேன், பயனில்லை, பின்னல் கம்பியும் நன்றாகத்தான் இருக்கிறது. ஒரு ஸ்பீக்கரின் கோனை விரலால் மெல்ல அழுத்தினால் உள்ளே சரசரவென்று உரசுகிறது, லேசாகக் கருகிய வாடையும் வருகிறது. ஆம்பிலிருந்து ஒயரைப் பிடுங்கிவிட்டு கேபினட் சாக்கெட்டில் மல்டிமீட்டர் வைத்தால் 12.3 ஓம் காட்டுகிறது. 8 ஓம் கேபினட் எப்படி 12 காட்டும்? மீட்டரும் பழுதா?

ஓம்விதி
தம்பி, மீட்டர் நன்றாகத்தான் இருக்கிறது. பத்தாம் வகுப்பில் தொடர் இணைப்பு, பக்க இணைப்பு என்று சொல்லிக் கொடுத்த அன்றைக்கு நீங்கள் விடுப்பில் இருந்தீர்கள் போலும். மல்டிமீட்டர் அளப்பது ஸ்பீக்கருக்குள் இருக்கும் கம்பிச்சுருளான காயிலின் நேர்மின் தடையை மட்டும்தான், அது ஸ்பீக்கரின் மேல் எழுதிய ஓமைவிட எப்போதும் சற்றுக் குறைவாகவே இருக்கும். 8 ஓம் ஸ்பீக்கர் ஏறக்குறைய 6 காட்டும், 16 ஓம் ஸ்பீக்கர் ஏறக்குறைய 12 காட்டும். உங்கள் பெட்டியில் இருப்பவை பக்க இணைப்பில் கட்டிய இரண்டு 16 ஓம் ஸ்பீக்கர்கள், அவை சேர்ந்துதான் தகட்டில் இருக்கும் 8 ஓம். ஒன்றின் காயில் எரிந்து அறுந்துவிட்டதால் மற்றது மட்டும் தனியாக 12 காட்டுகிறது. தகட்டில் இருப்பது பெட்டியின் கணக்கு, ஸ்பீக்கரின் கணக்கு அன்று. இதைப் பலமுறை எழுதிவிட்டேன், தேடிப் படிக்கத்தான் யாருக்கும் பொறுமை இல்லை.

நான்குதந்தி
ஓம்விதி சொல்வது சரி, சொல்லும் விதத்தை விட்டுவிடுங்கள். இரண்டின் ஒயரையும் கழற்றித் தனித்தனியாக அளந்தால் உறுதியாகிவிடும். வாங்கிய 8 ஓமை மாட்டினால் 16-உடன் சேர்ந்து மொத்தம் 5.33 ஓம் ஆகும், ஆம்புக்கு அதனால் ஆபத்தில்லை. ஆனால் இரண்டுக்கும் ஒரே வோல்டேஜ் போவதால், 16 ஓம் ஸ்பீக்கர் இழுப்பதைப் போல் இரு மடங்கு மின்சாரத்தைப் புதியது இழுக்கும். புதியது கத்தும், பழையது முணுமுணுக்கும், அடுத்ததாக எரிவதும் புதியதாகவே இருக்கும்.

ஈயப்பற்று
இதற்கு ஏன் இவ்வளவு கவலை? புதிய ஸ்பீக்கரோடு 8 ஓம் கம்பிச்சுற்று ரெசிஸ்டர் ஒன்றைத் தொடரில் பற்றவைத்தால் 16 ஓம் ஆகிவிடும். கல்லூரி மேடையில் நானே செய்திருக்கிறேன்.

ஓம்விதி
அருமை. ஆம்ப் 40 வோல்ட் தருகிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த 16 ஓமில் 2.5 ஆம்பியர் ஓடும், ரெசிஸ்டரில் மட்டும் 50 வாட் வெப்பம். 25 வாட் சால்டரிங் அயர்ன் இரண்டைப் பஞ்சு ஒட்டிய மரப்பெட்டிக்குள் மூடி வைத்துவிட்டு, ஆலயத்தில் வாசிக்கச் சொல்கிறீர்கள்.

ஈயப்பற்று
பேஸ் வாசிப்பவர் முழு ஒலியில் ஒரே சுரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பதில்லை. சராசரி மின்திறன் அதில் சிறு பங்குதான். கணக்குப் போடத் தெரிந்தவர் அதையும் சேர்த்துப் போட வேண்டும்.

ஓம்விதி
சராசரி எதுவாக இருந்தாலும், அந்தக் கிளைக்குப் போவதில் பாதி சூடாக வீணாகிறது. அதோடு, ரெசிஸ்டர் நடுவில் நின்றால் கோனின் மேல் ஆம்புக்கு இருக்கும் பிடி தளர்ந்துவிடும். தடித்த ஈ தந்தியின் 41 ஹெர்ட்ஸ் தொளதொளவென்று வரும். அதைப் பேஸ் என்று சொல்ல உங்களால் முடியலாம், என்னால் முடியாது.

காசிமேட்டான்
எங்கள் மாமா ஓம் கூடினாலும் ஆம்ப் எரியும் என்பாரே?

நான்குதந்தி
உங்கள் மாமா வால்வு ஆம்ப் வைத்திருந்திருப்பார். அதில் அவுட்புட் டிரான்ஸ்பார்மருக்குப் பொருந்திய சுமை வேண்டும், ஸ்பீக்கரே இணைக்காமல் வாசித்தால் டிரான்ஸ்பார்மர் போய்விடும். டிரான்சிஸ்டர் ஆம்புக்கு ஓம் கூடினால் ஒலிதான் குறையும், எழுதியதற்குக் கீழே இறங்கினால்தான் ஆபத்து.

ராயபுரம்வாசி
அப்படியானால் 5.33 பரவாயில்லை என்று இதையே மாட்டிவிடுகிறேன். திருவிழா நாட்களில் மட்டும் ஆம்பின் இரண்டாவது சாக்கெட்டில் இன்னொரு 8 ஓம் கேபினட்டையும் சேர்ப்போம், மீன்பாடி வண்டியில் ஏற்றி வருவோம். அதற்கும் இதற்கும் தொடர்பில்லை அல்லவா?

நான்குதந்தி
இதை முதல் வரியிலேயே எழுதியிருக்க வேண்டும். 8-உம் 8-உம் சேர்ந்தால் 4 ஓம், அதாவது இப்போதே விளிம்பில்தான் வாசிக்கிறீர்கள். 5.33-உடன் 8 சேர்ந்தால் 3.2 ஓம். பாதுகாப்புச் சுற்று இருந்தால் பாட்டின் நடுவில் ஆம்ப் அணையும், இல்லாவிட்டால் அவுட்புட் டிரான்சிஸ்டர்கள் போகும். தயவுசெய்து மாட்டாதீர்கள்.

16 ஓமில் 10 அங்குல பேஸ் ஸ்பீக்கர் கேட்டதும் கிடைப்பது அரிது. எனவே எரிந்ததைக் கழற்றி எடுத்துப்போய், 16 ஓம் காயில் போட்டு ரீகோன் (கோனையும் காயிலையும் புதிதாக மாற்றுவது) செய்து தரக் கேளுங்கள். நல்ல ஸ்பீக்கர் காட்டிய அளவையும் சொல்லுங்கள், அப்போதுதான் கையில் இருக்கும் 8 ஓம் காயிலைச் சுற்றி அனுப்பமாட்டார்கள். மற்றொரு வழி, ஒரே மாடலில் இரண்டு 4 ஓம் ஸ்பீக்கர்கள் வாங்கித் தொடரில் கட்டுவது, அதுவும் 8 ஓம்தான். ஆனால் முன்பலகையில் காற்றுத் துளை இருந்தால், ஆஸ்திரேலியாவில் பணியாற்றிய தீல், ஸ்மால் ஆகிய இருவரின் பெயரால் வழங்கும், ஸ்பீக்கரின் தன்மையைச் சொல்லும் அளவைகளும் அந்தப் பெட்டிக்குப் பொருந்த வேண்டும், அங்குலம் பொருந்தினால் மட்டும் போதாது.

இந்த ஞாயிறுக்கு, எரிந்ததன் ஒயரை மட்டும் கழற்றி நுனிக்கு டேப் சுற்றிவிட்டு, அதை இருந்த இடத்திலேயே விட்டுவிடுங்கள். கழற்றி எடுத்தால் அந்த ஓட்டை வழியாகப் பேஸ் ஓடிவிடும். ஒன்றை மட்டும் வைத்து வாசியுங்கள். ஒலி குறைகிறதே என்று குமிழைத் திருப்பிக்கொண்டே போகாதீர்கள்.

ஓம்விதி
ரீகோன் ஆகி வந்ததும் 1.5 வோல்ட் பேட்டரியின் நேர்முனையைச் சிவப்புக் குறியில் தொட்டுப் பாருங்கள். இரண்டு கோன்களும் ஒரே பக்கம் நகர வேண்டும். எதிரெதிராக நகர்ந்தால் பேஸ் காணாமல் போகும், பிறகு இங்கே இன்னொரு கேள்வி வரும்.

காசிமேட்டான்
சாக்கெட்டையும் மாற்றிவிடுங்கள். உப்பு விடாது.

ராயபுரம்வாசி
மூன்று வாரம் பதிலளிக்காததற்கு மன்னிக்கவும். ரீகோன் செய்தாயிற்று, சாக்கெட்டில் இப்போது 6.1 காட்டுகிறது, பேட்டரிக்கு இரண்டும் வெளிப்பக்கமாகவே நகர்ந்தன. திருவிழாவில் இரண்டு கேபினட்டும் வாசித்தன, ஆம்ப் அணையவில்லை. அனைவருக்கும் நன்றி. வாங்கிய புதிய ஸ்பீக்கரைக் கடைக்காரர் திரும்ப எடுக்க மறுத்துவிட்டார். யாருக்காவது வேண்டுமா?

நான்குதந்தி
எத்தனை வாட்? என்ன விலை?